பாராமகால் அளந்த மேடுகள்

ஜெர்மனியில் உள்ள அத்தனை மேடுகளையும் சந்தேகித்த ஒரே தமிழர் பாராமகால்தான். நம்மைப் போன்றவர்களுக்கு மேடு என்றால் மூச்சு வாங்கும் இடம். அவருக்கோ, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ எதற்காகவோ மண்ணைக் குவித்த இடம். ரயில் பாதையின் கரை, கால்பந்து மைதானத்தின் ஓரம், சாலை போடக் கொட்டிய சரளைக் குவியல், எதுவானாலும் முதலில் அது கோட்டை. கோட்டை இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மேட்டின் பொறுப்பு.

அவருடைய இயற்பெயர் டார்ம்ஸ்டாட் மாணவர் விடுதியில் அவர் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் கிருஷ்ணகிரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் "பாராமகால்" என்பார். கேட்டவர் விழிப்பார். அந்த விழிப்புக்காகத்தான் அப்படிச் சொல்வார் என்பது என் எண்ணம். பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட சீமைக்கு நவாப் காலத்தில் வழங்கிய பெயர் அது என்றும், வெள்ளைக்காரன் தன் ஆவணங்களில் அப்படியே எழுதிக்கொண்டான் என்றும், அந்தப் பன்னிரண்டு எவை எவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றும் விளக்குவார். கருத்து வேறுபாடு என்ற சொல்லை மற்றவர்கள் பாயசம் என்று சொல்லும் குரலில் சொல்வார்.

நான் டார்ம்ஸ்டாட் போய் இறங்கியது 1967 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மழை பெய்ததா என்பதில் மட்டும் எனக்கு ஐயம். நாட்குறிப்பில் "ஈரம்" என்று இருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக வரும் தமிழ் மாணவர்களை ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்துவருவது விடுதியில் இருந்தவர்களின் வழக்கம். அன்றைய முறை பாராமகாலுடையது. முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய், கையில் குடை. அப்போதே அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

"எந்த ஊர் தம்பி?"

"கும்பகோணம் சார்."

"அது சரி. கோணம்னா இன்னா?"

"தெரியலையே சார்."

"இருபத்திரண்டு வருஷம் அங்க இருந்திருக்கீங்க. ஒரு நாளாவது கேக்கணும்னு தோணலையா?"

பெட்டியை நான்தான் தூக்கினேன். அவருக்குப் பேசுவதற்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

"இந்த ஊர்ப் பேரைப் பாருங்க. டார்ம்னா ஜெர்மன்ல குடல். இங்க இருக்கவங்களே குடல்பட்டணம்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஆனா அந்த அர்த்தம் இல்ல. பின்ன இன்னா அர்த்தம்னு கேட்டா நாலு புரொபசர் நாலு விதமா சொல்றான். எவ்ளோ நல்ல ஊர் பாத்தீங்களா."

நான் மின்பொறியியல் படிக்கப் போயிருந்தேன். பாராமகால் காகிதத் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எப்போது முடியும் என்று கேட்டால் "அடுத்த வருஷம்" என்பார். 1967இலும் சொன்னார், 1968இலும் சொன்னார். இதில் மட்டும் அவரிடம் கருத்து வேறுபாடே இல்லை.

அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் கூழை ஊற்றிச் சோதனைத் தாள் செய்யும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது வட்டமான தாள்தான் செய்யும், ஒரு சாண் அகலத்துக்கு. சோதித்தது போக மிஞ்சிய தாள்களை எல்லாம் பாராமகால் விடுதிக்குக் கொண்டுவந்துவிடுவார். அவருடைய குறிப்புகள், கடிதங்கள், சலவைக் கணக்கு எல்லாமே வட்டத்தில்தான். நாங்கள் அவற்றைத் தோசை என்போம். "சார், உங்க தோசை ஒண்ணு குளியலறையில கிடக்கு" என்றால், எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வார். ஒருமுறை அவருடைய பேராசிரியர் கிழிவுச் சோதனைக்கு ஒரு தாளை எடுத்திருக்கிறார். அதில் ஒரு கோட்டையின் வடக்கு வாசல் வரைந்திருந்தது. கிழிக்கலாமா என்று அந்த மனிதர் அனுமதி கேட்டு ஆள் அனுப்பியதாகக் கேள்வி. பாராமகால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம்.

விடுதியில் மூன்றாவது ஆள் செபஸ்தியான். தூத்துக்குடிக்காரன், இயந்திரவியல் மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோவிலை விட்டு வெளியே வந்தால், வாசலில் பாராமகால் குடையுடன் நிற்பார். அறையில் தூங்கும் என்னை அதற்கு முன்பே எழுப்பிக் கூட்டிவந்திருப்பார். மூவரும் பஸ் ஏறி ஓடன்வால்ட் மலைப்பக்கம் போவோம். மறுத்துப் பார்த்தோம். மறுத்தவர்களிடம் அவர் கோபித்துக்கொள்வதில்லை, காரணம் கேட்பார். காரணம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

நாங்கள் போனது ஒரு சின்னக் கிராமத்துக்கு. அதை டூன்வைலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள பெரிய கிராமத்தை மூல்ஃபெல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களை எழுதினால் இன்றும் சண்டை வரும். டூன்வைலருக்கு மேலே ஒரு மலை, மலை முழுக்கப் பீச் மரங்கள், உச்சியில் ரோமானியருக்கும் முன்பே அங்கே வாழ்ந்த கெல்ட்டியர் என்ற இனத்தார் காலத்துக் கோட்டை. முதல் தடவை ஏறியபோது செபஸ்தியான் செருப்பு அறுந்து, முட்டி சிராய்த்து, ஒருவழியாக உச்சிக்கு வந்து சேர்ந்தான்.

"அண்ணாச்சி, கோட்டை எங்க?"

"நீ அது மேலதாம்பா நிக்கிற."

செபஸ்தியான் காலை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தான். பாசி படிந்த கற்கள், முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசை. அந்த வரிசை மரங்களுக்கு இடையே வளைந்து போயிற்று.

"செஞ்சிக் கோட்டையப் பாத்தவனக் கூட்டிட்டு வந்து இதக் காட்டுதீகளே, இது நியாயமா அண்ணாச்சி?"

"செஞ்சில கல்லு தெரியும். இங்க கல்லு தெரியாது, யோசனை தெரியும். மரச்சட்டம் அடிச்சு, நடுவுல கல்லைப் போட்டு, பின்னாடி மண்ணை அணைச்சிருக்கான். மரம் மக்கிப் போச்சு, கல்லு சரிஞ்சு போச்சு. வளைவைப் பாரு. எங்கயாவது உடைஞ்சிருக்கா?"

"உடைஞ்சதுதான் மொத்தமும்."

குடையின் கம்பியில் அவர் அளவுக் கோடுகள் கீறி வைத்திருந்தார். அதை வைத்து அந்த வட்டச் சுவரை அடி அடியாக அளந்து வட்டத் தாளில் வரைவார். வரைபடம் வட்டம், தாள் வட்டம், உள்ளே எழுத்துகளும் சுற்றிச் சுற்றிப் போகும். படிக்கிறவன் தாளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மலையை விட்டு இறங்கினால் அடுத்த வேலை பெயர்கள். வயலில் நிற்கும் எந்த விவசாயியையும் விடமாட்டார். "இந்த வயலுக்கு என்ன பேர்? அந்தச் சரிவுக்கு? ஓடைக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த மக்களுக்கு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒன்றில் ரோமானியன் விட்டுப்போன சொல், ஒன்றில் மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து ஓடிவந்து குடியேறியவன் விட்ட சொல்.

"எங்க தெருவுல ஆடு பேரம் உருதுல நடக்கும், மாடு பேரம் கன்னடத்துல. சண்டை தெலுங்குல, சமாதானம் தமிழ்ல. நாலுல எது எங்க ஊர் பாஷைன்னு ஒருத்தன் கேட்டான். நாலும் போனா ஊர் எங்கடா இருக்கும்னு கேட்டன். போயிட்டான்." இதை அவர் சொல்லி நான் எத்தனை முறை கேட்டேன் என்பதை நாட்குறிப்பில் எண்ணிவந்தேன். பதினான்கில் நிறுத்திக்கொண்டேன்.

1968 ஜனவரியில் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. மூல்ஃபெல்டுக்குப் போகும் வழியில், வயலோரத்தில், நீளமான ஒரு மண்மேடு. இடுப்பு உயரம், பஸ் நீளம். கிழக்கு மேற்காக ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. மலைக்கோட்டைக்கு வெளியே ஒரு காவல் அரண் என்று பாராமகால் முடிவு செய்தார். குளிரில் விரல் விறைக்க அளந்து எழுதினோம். அடுத்த ஞாயிறு போய் மறுபடி அளந்தால் மேடு இரண்டடி குறைந்திருந்தது. மூன்றாம் ஞாயிறு இன்னும் மூன்றடி.

"இன்னா வேகத்துல அழியுது பாத்தீங்களா? இருபது நூற்றாண்டு நின்னது, நம்ம கண்ணு முன்னாடி போவுது. அரசாங்கத்துக்கு எழுதணும்."

"அண்ணாச்சி, இருபது நூற்றாண்டா வாரத்துக்கு ரெண்டடி போயிருந்தா இது எங்க வரைக்கும் இருந்திருக்கும்? பாரீஸ் வரைக்குமா?"

அந்த நேரத்தில் ஒரு கிழவர் தள்ளுவண்டியும் கவைக்கோலுமாக வந்தார். பெயர் நோவாக். போருக்குப் பிறகு போலந்தின் வசமாகிவிட்ட சிலேசியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஜெர்மானியர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு மூல்ஃபெல்டின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு இருந்தது. அவர் எங்களிடம் ஜெர்மனில் பேசியதை என் காதில் விழுந்த தமிழில் தருகிறேன்.

"என்ன பண்றீங்க?"

"அளக்கறோம்" என்றார் பாராமகால்.

"எதை?"

"கோட்டைச் சுவரை."

நோவாக் வண்டியை நிறுத்தினார். பிறகு கவைக்கோலால் மண்ணைத் தள்ளி, உள்ளே இருந்த வைக்கோலை விலக்கி, ஒரு கிழங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மாட்டுக்குப் போடும் பீட்கிழங்கு. பனியில் கெடாமல் இருக்க மண்ணில் மூடி வைத்து, தினம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கிழங்கோடு மண்ணுக்குள் போயிருப்பார்கள். பாராமகால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை உங்க ஊர்ல என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டார். நோவாக் சொன்ன சொல் அந்தப் பக்கத்துச் சொல் அல்ல. உடனே வட்டத் தாள் வெளியே வந்தது. எந்த ஊர், எப்படி எழுதுவது, ஓடைக்கு என்ன பெயர் என்று கேள்விகள் வந்தன. நோவாக் தன் கிராமத்தின் பெயர் ஹெர்மானிட்ஸ் என்றார். யாரோ ஒருவர் தன்னிடம் அதைக் கேட்டதில் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துகூட விட்டார். பாராமகால் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"அருமையான பேர். முன்பாதி ஹெர்மன், ஜெர்மன்காரன் பேர். பின்னால வர இட்ஸ், போலந்து பக்கத்து ஸ்லாவ் மொழி. பாதிக்குப் பாதி."

நோவாக் எழுந்தார். "எங்க ஊர் முழுக்க முழுக்க ஜெர்மன் ஊர்" என்றார். பாராமகாலின் கையிலிருந்த கிழங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நாங்கள் வருவதைப் பார்த்தால் முதுகைக் காட்டி நிற்பார். பாராமகால் அந்த முதுகுக்குக் குல்லாயைத் தூக்கி வணக்கம் சொல்லாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை.

டூன்வைலரில் எங்களுக்கு மதியச் சாப்பாடு ஃபிராவ் ஹெல்லர் என்ற அம்மாளின் விடுதியில். ஊரில் இருந்த ஒரே உணவு விடுதி அது. நான் சைவம் என்பதால் உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி தட்டிச் சுட்டு, மூவருக்குமே ஆப்பிள் கூழோடு தருவார். பாராமகாலை ஹெர் டாக்டர், அதாவது டாக்டர் ஐயா, என்று கூப்பிடுவார். இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "ஆகிவிடுவீர்கள்" என்று ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் சொல்வார். பாராமகாலின் பேராசிரியருக்குக்கூட அத்தனை நம்பிக்கை கிடையாது.

1971இல் அந்த ஊருக்குச் சோதனை வந்தது. ஹெஸ்ஸன் மாநில அரசு அப்போது சின்னக் கிராமங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய ஊராட்சிகளாக ஆக்கிக்கொண்டிருந்தது. டூன்வைலரும் மூல்ஃபெல்டும் இணைய வேண்டும், புது ஊராட்சிக்கு ஒரே பெயர் வேண்டும். மூல்ஃபெல்ட் பெரியது. எந்தப் பெயர் போகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பெயரை முடிவு செய்ய நவம்பரில் இரண்டு ஊரும் கூடும் என்றும், கைதூக்கலில் எது வருகிறதோ அதையே ஏற்பது என்றும் இரண்டு மேயர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஃபிராவ் ஹெல்லர் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஹெர் டாக்டர், எங்க ஊர்ப் பேர்தான் பழசுன்னு கூட்டத்துல நீங்க சொல்லணும். நாங்க சொன்னா பொறாமைன்னு சொல்வாங்க. நீங்க படிச்சவர்."

"பழசுதான். சந்தேகமே இல்ல."

"என் வீட்டுக்காரர் ருஷ்யாவுல காணாமப் போனார். செத்துட்டார்னு கடுதாசியும் இல்ல, இருக்கார்னும் இல்ல. இருபத்தேழு வருஷம் ஆச்சு. வருவார்னு நான் உக்காந்திருக்கலை, பைத்தியமில்ல. ஆனா அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இந்த ஊர்ப் பேர் ஒண்ணுதான். அது பலகையில இருக்கணும். அவ்வளவுதான்."

எழுந்து போய்விட்டார். பாராமகால் அடையைத் தொடவில்லை. விடுதிக்கு வந்து இரண்டு வாரம் தோசை தோசையாக எழுதினார். அறுபத்தோரு தாள் வந்தது.

எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. டூன்வைலர் என்ற பெயரின் முன்பாதி கெல்ட்டியர் மொழியில் கோட்டை. ஜெர்மானியர்களே வருவதற்கு முந்தைய சொல். பின்பாதியோ லத்தீன் வழி வந்த சொல். கலப்பைச் சொல்லாமல் விட்டால் பெயர் பழம்பெருமை. சொன்னால் மூல்ஃபெல்ட்காரர்கள் "பாதி அன்னியப் பேர்" என்று பிடித்துக்கொள்வார்கள். மாணவர் விடுதிச் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். செபஸ்தியான் மூல்ஃபெல்ட் மேயராக ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, டூன்னா கோட்டை, மலை மேல இருக்கு, எல்லாத்துக்கும் பழசு. இத மட்டும் சொல்லுங்க. உக்காந்துருங்க."

"வைலரை உட்டுட்டா பாதிப் பேர்தானே சொன்ன மாதிரி ஆவும்?"

"அந்த அம்மாவ நெனச்சுப் பாருங்க. மிச்சத்தை பஸ்ல வரும்போது எங்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கேன். சத்தியமா கேக்கேன்."

கடைசியில் ஒப்புக்கொண்டார். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் செபஸ்தியான் இருமுவது என்று ஏற்பாடு.

கூட்டம் ஃபிராவ் ஹெல்லரின் விடுதிக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. மூல்ஃபெல்ட்காரர்கள் இடப்பக்கம், டூன்வைலர்காரர்கள் வலப்பக்கம், நடுவில் நடக்க வழி. அந்த வழியை யாரும் கடக்கவில்லை. இடப்பக்கத்துக் கடைசி வரிசையில் நோவாக்கும் குடியிருப்புக்காரர்களும். கரும்பலகையில் இரண்டு பெயர்கள். பாராமகால் எழுந்து, குல்லாயைக் கழற்றி, டூன் என்றால் என்ன என்று அழகாகச் சொன்னார். மலைக் கோட்டையைப் பற்றிச் சொன்னபோது, அதன் மேல் தினமும் மாடு ஓட்டியவர்களே வாய் திறந்து கேட்டார்கள். கதவருகே நின்ற ஃபிராவ் ஹெல்லர் இடுப்பில் கட்டிய ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சிரித்தார். வலப்பக்கம் கைதட்டியது.

செபஸ்தியான் இருமினான்.

பாராமகால் அவனைப் பார்த்தார். உட்காரப் போகிறவர் போல் முழங்காலை மடக்கினார். மறுபடி நிமிர்ந்தார். "இது முன்பாதி" என்றார்.

செபஸ்தியான் மறுபடி இருமினான். பிறகு விடாமல் இருமினான். முன்னால் இருந்த பாட்டி ஒருத்தி திரும்பி அவனுக்கு இருமல் மிட்டாய் கொடுத்தாள். இன்னொருவர் ஜன்னலைச் சாத்தினார். அதற்குள் பாராமகால் வைலர் லத்தீன் என்பதையும், மலைச்சரிவில் இருந்த இரண்டு வயல்களின் பெயர் பிரெஞ்சு என்பதையும் சொல்லி முடித்திருந்தார். வலப்பக்கத்தில் கைதட்டல் நின்றது.

மூல்ஃபெல்டின் பள்ளி ஆசிரியர் எழுந்தார். முகத்தில் வெற்றி. "எங்கள் பேராவது ஜெர்மன்தானே, ஹெர் டாக்டர்?"

"நல்ல கேள்வி" என்றார் பாராமகால். விடுதியில் இந்தச் சொற்களைக் கேட்டால் நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொள்வோம். "மூல்னா மாவு ஆலை. அந்தச் சொல் லத்தீன். ஆலையைக் கொண்டுவந்தவன் ரோமானியன், சொல்லையும் கொண்டுவந்தான். ஃபெல்ட் மட்டும்தான் உங்களது. வயல்."

இடப்பக்கம் முழுதும் எழுந்து நின்றது. வலப்பக்கமும் எழுந்தது. வெகுகாலமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு ஊர்களும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்திருந்தன. ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் நடுவழிக்கே வந்துவிட்டார்.

"எங்கயோ இந்தியாவுலருந்து வந்து, எங்க ஊர்ல எங்களையே வேத்தாள்னு சொல்றீங்களா?"

"இல்ல. வந்தவங்க எல்லாரும் இங்க ஒரு சொல்லை விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்றேன். போகாம இருந்தவங்கதான் நீங்க."

அது சமாதானமாகச் சொன்னது. யாருக்கும் அப்படிக் கேட்கவில்லை. ஃபிராவ் ஹெல்லர் திரும்பிச் சமையலறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். பாராமகால் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். கையிலிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூல்ஃபெல்ட் மேயர் கைதூக்கலுக்கு அழைக்கும்போது கடைசி வரிசையில் நோவாக் எழுந்தார்.

"இந்த ஆள் ஒருநாள் என் பீட்கிழங்கை அளந்துட்டிருந்தார்."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் என் ஊர்ப் பேரு பாதி ஸ்லாவ்னு சொன்னார். நாலு வருஷமா இவர்கிட்ட நான் பேசலை. வீட்டுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எங்க ஊர்ல ஒரு குதிரைக்காரன் இருந்தான், போலிஷ்தான் பேசுவான். அவன்கிட்டதான் நான் குதிரை ஏறக் கத்துக்கிட்டேன். பாதிக்குப் பாதிதான். இப்ப ரெண்டு பாதியும் இல்ல. மேப்புல வேற பேர் போட்டுட்டாங்க. இங்க வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. என் ஊர்ப் பேர் என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டவர் இவர் ஒருத்தர்தான்."

பக்கத்தில் இருந்த குடியிருப்புக்காரர்களைப் பார்த்தார்.

"பேர் போனா எப்படி இருக்கும்னு எங்க குடியிருப்புல எல்லாருக்கும் தெரியும். இன்னொரு ஊர்ப் பேரை அழிக்க நாங்க கை தூக்க மாட்டோம். ரெண்டையும் எழுதுங்க."

மேயர் கரும்பலகையில் மூன்றாவதாக மூல்ஃபெல்ட்-டூன்வைலர் என்று எழுதினார். வலப்பக்கம் முழுதும் கை தூக்கியது. இடப்பக்கத்தில் கடைசி வரிசை மொத்தமும் தூக்கியது. எண்ணியபோது அதுதான் வென்றது. மிகச் சில கைகள் வித்தியாசத்தில்.

"ரெண்டுக்கும் நடுவுல கோடு போடுறதுக்குப் பழைய சான்று எதுவும்..." என்று பாராமகால் ஆரம்பித்தார். செபஸ்தியான் கோட்டு வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

கூட்டம் கலைந்ததும் அவர் சமையலறைக் கதவைத் தட்டினார். நானும் பின்னால் நின்றேன். ஃபிராவ் ஹெல்லர் அடுப்பின் முன் இருந்தார். திரும்பாமலே பேசினார்.

"ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கணும் நீங்க."

"ஆமா. தெரியும்."

"நிறுத்தியிருந்தா தோத்திருப்போம்." வாணலியிலிருந்து ஒரு அடையை எடுத்துத் தட்டில் போட்டார். "உக்காருங்க. சூடா இருக்கு."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு சொல் பேசவில்லை. அந்த மாலை நாட்குறிப்பில் இதைத் தனி வரியாக எழுதிவைத்திருக்கிறேன்.

1972 வசந்தத்தில் ஊர் எல்லையில் புது மஞ்சள் பலகை நட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே வரியில் அடங்காமல், டூன்வைலர் கீழ்வரிக்குப் போயிருந்தது. ஃபிராவ் ஹெல்லர் அதைத் துணியால் ஒருமுறை துடைத்தார். புதுப் பலகைதான், தூசு எதுவும் இல்லை. நோவாக் அன்று பாராமகாலுக்குக் கை கொடுத்தார். பிறகு ஹெர்மானிட்ஸில் இருந்த மற்ற ஓடைகளின் பெயர்களையும் சொல்லத் தொடங்கினார். நாங்கள் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டோம்.

1973 மார்ச்சில் பாராமகால் ஊருக்குத் திரும்பினார். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுத்தான் போனார். ஃபிராவ் ஹெல்லரைத் தவிர எல்லோருக்கும் அது வியப்பு. ஒரு வியாழக்கிழமை விமானம் ஏறினார். இனி ஞாயிற்றுக்கிழமை முழுதும் தூங்கலாம் என்று நானும் செபஸ்தியானும் பேசிக்கொண்டோம். ஐந்தரை ஆண்டுகளாக ஏங்கிய தூக்கம். அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் விடுதியின் கீழ்க்கூடத்துக்கு இறங்கி வந்தபோது, செபஸ்தியான் பூசைக்குக்கூடப் போகாமல், கோட்டும் தொப்பியும் போட்டு, பூட்ஸைக் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தான். நானும் கோட்டு போட்டிருந்தேன். இருவரும் பஸ் போகும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.